நாட்டுக்குச் சந்தா கட்டியவள்

என் மனைவி சுற்றுச்சூழல் அமைச்சகத்தில் கண்காணிப்பாளர். காற்றையும் கடலையும் காக்க நாடுகள் சேர்ந்து போட்ட ஒப்பந்தத்துக்கு ஆண்டுதோறும் எங்கள் நாட்டின் சந்தாவைக் கட்ட வைப்பது அவள் வேலை. வீட்டுக் கரண்ட் பில்லை மறந்து இரண்டு முறை எங்களை இருட்டில் உட்கார வைத்த மகராசி, அந்தச் சந்தாவை மட்டும் ஒருநாளும் தள்ளிப்போட்டதில்லை. சொல்லிக் காட்டினால், "பில்லு கட்டத்தானே உங்களைக் கட்டிக்கிட்டேன்" என்பாள். அவளிடம் வாய் கொடுத்து நான் ஜெயித்ததே கிடையாது.

எங்களுடையது வளரும் நாடு. பணக்கார நாடுகள் கட்டுவதோடு ஒப்பிட்டால் எங்கள் பங்கு கொசுறுதான். ஆனால் கட்டாவிட்டால் ஒப்பந்தக் கூட்டத்தில் ஓட்டு இல்லை. எங்களைப் போலக் கொஞ்சம் தலைதூக்கிய நாடுகளுக்கு ஒப்பந்தத்தின் பேரில் தரும் உதவிப் பணத்தை நிறுத்தலாமா என்று இந்த ஆண்டு ஓட்டெடுப்பு. அந்தப் பணத்தில்தான் கடலோரத்துக்குப் புயல் எச்சரிக்கைக் கருவிகள் வந்துகொண்டிருந்தன. அவள் தம்பி படகு ஓட்டுவதும் அந்தக் கடலில்தான்.

கெடுவுக்கு முந்தைய நாள் பார்த்து, சந்தாக் கோப்பு நிதித்துறையில் படுத்துவிட்டது. ஸ்கூட்டரில் கொண்டுபோய் இறக்கிய பாவத்துக்கு நானும் உள்ளே போனேன்.

"நாமளே கைநீட்டி வாங்குற நாடு. நாம எதுக்கும்மா குடுக்கணும்?" என்றார் நிதி அதிகாரி.

"குடுத்தாத்தான் சார் உள்ள உக்காந்து பேச முடியும். இல்லன்னா வாசல்ல நின்னு வாங்கிட்டு வரணும்."

அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவர் சாப்பிடப் போய்த் திரும்பி வந்தார், அவள் அசையவில்லை. மூன்று மணிக்கு, "உங்க பாடு கஷ்டந்தான் சார்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் பணம் போய்ச் சேர்ந்தது.

ஓட்டெடுப்பு முடிந்த மறுநாள் காலை, கூட்டத்துக்குப் போயிருந்த அவள் துறை இயக்குநர் போன் செய்தார். "தோத்துட்டோம்மா. உதவி நிக்கப் போகுது."

"நம்ம ஓட்டை எண்ணினாங்களா சார்?"

"எண்ணினாங்கம்மா."

போனை வைத்தாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. "இதுக்கா அன்னிக்குப் பட்டினியா உக்காந்திருந்தே?"

அவள் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். எனக்கு அவளை நினைத்துப் பாவமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. அவள் கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

"வண்டியை எடுங்க. இனிமே புயல் கருவிக்கு நம்ம பட்ஜெட்லதான் கேக்கணும். அந்த நிதித்துறை மனுஷன் பத்து மணிக்கு வந்துடுவாரு."