மறுதாம்பு விட்டு வெட்டச் சொன்னேன்

யுத்தம் வந்து நிலக்கரிக் கப்பல் நின்றுபோனதும் பட்டணத்து மில்லின் பாய்லர் விறகுக்கு வாய் பிளந்தது. அந்த வாய் நிறையப் போட்டவன் நான். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போடக் கற்றதோடு சரி. ஆனால் வில்லியனூர் சாலையில் என் வண்டிகள் வந்தால் மற்ற வண்டிகள் ஒதுங்கி நிற்கும்.

சேதராப்பட்டுச் செம்மண்ணில் ஒரு துரிஞ்சிக் காடு இருந்தது. பெண்கள் தலைக்குத் தேய்க்க இலை பறிப்பார்களே, அந்த மரம்தான். விறகாக்கினால் நின்று எரியும். காட்டுக்காரர் மாதா கோயில் ஊர்க் கிறிஸ்தவர். யாரையும் கோடாலியோடு உள்ளே விடாத அந்த மனிதரை நான்தான் பேசி வழிக்குக் கொண்டுவந்தேன். காட்டைப் பத்துப் பங்காக்கி வருஷத்துக்கு ஒன்று வெட்டுவது. கடைசிப் பங்கு முடிவதற்குள் முதல் பங்கு மரமாகியிருக்கும். பாய்லரும் அணையாது, காடும் அழியாது. இது என் மண்டையில் உதித்த யோசனை. எந்தத் துரையும் சொல்லித் தரவில்லை.

"மொத பங்க வெட்டு. மழை முடிஞ்சு வந்து பாப்பேன். அடிக்கட்டை துளுக்கலன்னா மீதியில கை வெக்கக் கூடாது," என்றார் அவர். நான் மில்லுக்குப் பத்து வருஷத்துக்கும் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

வழக்கமான விறகுவெட்டிகள் கடற்கரைச் சவுக்குத் தோப்புகளுக்குப் போய்விட்டதால், பாகூரிலிருந்து கரும்பு வெட்டும் ஆட்களைக் கூட்டி வந்தேன். அவர்களுடைய மேஸ்திரியிடம், "மறுதாம்பு விட்டு வெட்டுங்க" என்றேன். வெட்டிய கட்டை மறுபடி முளைக்கும்படி வெட்டு என்று அர்த்தம். இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? சொல்லிவிட்டு மில்லுக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது, சாண் உயரத்துக்குச் சாய்வாக நிற்க வேண்டிய அடிக்கட்டைகள் மண்ணோடு மண்ணாகக் கிடந்தன. மேலே வெட்டிய மிலாறுச் சுள்ளிகளைப் பரப்பிக் கொளுத்தியிருந்தார்கள். காடு நடுவில் இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

"இன்னாய்யா பண்ணி வெச்சிருக்கீங்க?"

"நீதானேண்ணே மறுதாம்புன்ன," என்றார் மேஸ்திரி. "கரும்ப மண்ணோட அறுத்து, காஞ்ச சோகைய கொளுத்தினாத்தான் மறுதாம்பு ஜோரா கெளம்பும். எங்க ஊர்ல வந்து கேளு."

"இது கரும்பாடா?"

"கடிச்சுப் பாத்தோம், இனிக்கலதான்," என்றான் பின்னால் நின்ற ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

ஐப்பசி மழை பிடித்தது. ஊரெல்லாம் மழையைப் பார்த்து மகிழ்ந்தபோது, கட்டைகள் அழுகிவிடுமோ என்று எனக்குப் பயம். தினமும் போய் ஒவ்வொரு கட்டையின் பட்டையையும் நகத்தால் கீறுவேன். பச்சை தெரிந்தால் மூச்சு வரும். காய்ந்த நிறம் தெரிந்தால் அடுத்ததற்கு ஓடுவேன்.

"மில்லுக்கே நெருப்பு குடுக்கிற மனுசன், கட்டைக்கு நாடி புடிச்சுப் பாக்கறாரு," என்றாள் என் வீட்டுக்காரி. இதற்கிடையில் அடுத்த பங்கை எப்போது தொடங்குவாய் என்று மில்லிலிருந்து ஆள் வந்தது. மழை விடட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

மழை விட்டதும் காட்டுக்காரர் வந்தார். ஓரங்களில், நெருப்பு எட்டாத கட்டைகள் கொத்துக் கொத்தாகத் துளிர்த்திருந்தன. நடுவில் கரி. அவர் அந்தக் கரியில்தான் போய் நின்றார்.

"பாதி செத்துப்போச்சேப்பா."

"பாதி உசுரோட இருக்குதே ஐயா."

கரிந்த கட்டை ஒன்றைக் காலால் புரட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ரெண்டாம் பங்குல பாதிதான் வெட்டணும். ஒவ்வொரு மரத்துக்கும் நீ பக்கத்துல நிக்கணும். செத்த எடத்துல வெதை போடு. இந்தத் துளிர்ல ஆடு வாய் வெச்சுதுன்னு தெரிஞ்சுது, அன்னைக்கோட வெட்டு நின்னுடும்."

மில்லில் போய்ப் பாதி விறகுதான் வரும் என்றேன். கத்தினார்கள். "காடு இருந்தாத்தான் மில்லு ஓடும், வேற ஆளு கெடைச்சா பாத்துக்கோங்க," என்று நிமிர்ந்தே சொன்னேன். அவர்களுக்கு வேறு ஆள் இல்லை.

முள் வெட்டி நானே வேலி அடைத்தேன். அந்த வருஷம் முழுக்க, மில்லுக்கு விறகு ஏற்றிப் போகும் வழியில் எங்கேயாவது ஓர் ஆடு கத்தினாலும் வண்டியை நிறுத்தி, எந்தத் திசை என்று காது கொடுத்துக் கேட்பேன்.