இறுக்கிக் கட்டிய கயிறு

பொழி வெட்டப்போகிறார்கள் என்பது எனக்குக் காலையிலேயே தெரியும். அமரவிளையில் பேருந்துக்கு நின்றபோது மண் அள்ளும் இயந்திரம் லாரியில் கடற்கரைப் பக்கம் போனது. நெய்யாறு கடலில் சேரும் அந்தப் பொழியை மணல் அடைத்துக்கொண்டால் காயலில் தண்ணீர் ஏறும். மணலை வெட்டிவிட்டால் அத்தனையும் கடலுக்கு ஓடி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே துறையில் நீர்மட்டம் இறங்கும்.

காயல் கரையில் ஒரு சுற்றுலா விடுதி; அதன் படகுத்துறையில் பராமரிப்பு என் பொறுப்பு. டிப்ளமா முடித்து அங்கே சேர்ந்தேன். என் அண்ணன் அங்கேயே படகு ஓட்டுகிறான்.

மேலாளரிடம் மூன்று விஷயம் சொன்னேன். கயிற்றைத் தளர்வாக, முன்னும் பின்னும் தள்ளியுள்ள தூண்களுக்குச் சாய்வாகக் கட்ட வேண்டும். முடிச்சின் மேல் முடிச்சு போடாமல், பாரம் ஏறினாலும் அவிழ்க்க வரும்படி சுற்ற வேண்டும். மூன்றாவதை அவர் கேட்கவில்லை.

"படிச்சத வீட்டுல வச்சிட்டு வா, கொச்சே. கெஸ்ட்டு சேல உடுத்திட்டு எறங்குவாங்க. போட்டு தொறயோட ஒட்டித்தான் நிக்கணும்" என்றார், சின்னப் பிள்ளையிடம் பேசுவதுபோல.

அண்ணன் படகைத் துறையோடு ஒட்டிக் கட்டினான். பிறந்ததிலிருந்து இந்தப் பொழியைப் பார்த்தவன், முடிச்சின் மேல் முடிச்சு போட்டான். சாரு சொன்னா கெட்ட வேண்டாமா என்று என்னிடமே கேட்டான்.

மதியத்துக்கு முன்பே தண்ணீர் இறங்கியது. படகு கூடவே இறங்க முடியாமல் இரண்டு கயிற்றில் தொங்கிச் சரிந்தது. முடிச்சுகள் கல்லாகியிருந்தன. அவிழ்க்கச் சொல்லி மேலாளர் கத்த, அண்ணன் குப்புறப் படுத்து, படகுக்கும் தூணுக்கும் நடுவில் வலது கையை விட்டான். ஒரு கயிறு அறுந்தால் படகு மொத்தமும் அந்தத் தூணில்தான் வந்து இடிக்கும்.

"கைய எடு" என்றேன்.

"சாரு நிக்காரு, மக்கா."

"சாருக்கு ரெண்டு கை உண்டு. ஒனக்கும் ரெண்டுதான். எடு."

எடுத்தான். உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. தோட்டத்தில் தேங்காய் பறிக்கும் நீளக்கழி அரிவாளை எடுத்துவந்தேன். கயிறு அறுந்து வீசும் திசையில் யாரும் நிற்கக் கூடாது என்று எல்லோரையும் விலக்கி, எட்ட நின்று அறுத்தேன். படகு தூணில் மோதித் தண்ணீரில் விழுந்தது. பக்கப் பலகை பிளந்தது, கண்ணாடி நொறுங்கியது. அந்த இடத்தில் கை இல்லை.

கயிற்றை அறுக்க யார் அனுமதி தந்தது என்று மேலாளர் விருந்தினர் முன்னால் என்னைக் கேட்டார். உங்கள் அனுமதிக்குக் காத்திருந்தால் ஒரு கை போயிருக்கும் என்றேன், சத்தம் கூட்டாமல். அண்ணன் உரிந்த கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றான், அவன்தான் தப்புச் செய்ததுபோல. மேலாளர் மேல் வந்த கோபத்தைவிட அந்த மறைப்பின் மேல் வந்த கோபம் பெரிது.

திரும்பும் வழியில், "ஒனக்க தேசியத்தக் கொஞ்சம் கொற. நாளைக்கும் இங்கதான் வரணும் ஆக்கும்" என்றான். நான் கோபத்தைக் குறைக்கவில்லை.

மறுநாள் வேறொரு படகு. கட்டுப் போட்ட கையோடு அதையும் ஒட்டி இறுக்கியிருந்தான். நான் அதை அவிழ்த்து, தளர்த்தி, சாய்வாகக் கட்டினேன். போட்டு விலகி நிக்குதே என்று அலுவலக வாசலிலிருந்து மேலாளர் குரல் கொடுத்தார். கிடங்குக்குப் பின்னால் மழையில் கிடந்த ஏறுபலகையை, படகுக்கும் துறைக்கும் நடுவில் போட, இழுத்துவந்தேன். அவர் கேட்காத மூன்றாவது விஷயம் அதுதான்; இத்தனை நாளும் அங்கேதான் கிடந்தது.

பலகை தனியாளாகத் தூக்கிப் போடக் கனம். அண்ணன் மேலாளரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு வந்து, கட்டில்லாத கையால் மறுமுனையைப் பிடித்தான்.