தாமதமாகத் தாவிய ஆமை

குடும்பத்தில் எல்லோரும் அவளைக் கத்தரி என்றுதான் கூப்பிடுவார்கள். பார்லர் வைத்து முடி வெட்டுகிறவள் என்பதால் வந்த பெயர் என்று வெளியாட்கள் நினைத்துக்கொள்வார்கள். இல்லை. கத்தரிக்கோலைக் கையில் பிடிப்பதற்கு வெகு காலம் முன்பே, அவள் வாய்க்காக வைத்த பெயர் அது. எதைக் கேட்டாலும் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. பெரியம்மா மகள் புது வீடு கட்டி முடித்து, "எப்படி இருக்கு?" என்று ஆசையாகக் கேட்டபோதும் அப்படித்தான், "மாடிப்படி செங்குத்தா இருக்கு, வயசானா ஏற முடியாது" என்று சொல்லித் தொலைத்தாள். அன்றைக்கு அறுந்த பேச்சுவார்த்தை இன்னும் ஒட்டவில்லை. உள்ளதைச் சொன்னவள் ஊருக்குப் பொல்லாதவள். அதற்குப் பிறகு கத்தரி வாயைத் தைத்துக்கொண்டாள். யார் எதைக் காட்டினாலும், "நல்லா இருக்கு." அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

அக்காவின் வீட்டுக்காரர் இன்சூரன்ஸ் ஆபீசில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தவர். அதிர்ந்து பேசாத மனிதர். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். ஓடி, தாவி, குழி தாண்டிப் போகிற பழைய பாணி வீடியோ கேம் ஒன்றைத் தன் கையாலேயே செய்துவிட வேண்டும் என்று அவருக்கு நெடுநாள் ஆசை. துணி துவைக்கும் மெஷின் இருக்கும் பின்னறையில் மேஜையைப் போட்டு உட்கார்ந்தார். மெஷின் தடதடவென்று ஆட, அவர் சின்னச் சின்னச் சதுரங்களை அடுக்கி ஒரு ஆமையை வரைந்தார். முதுகில் ஓட்டுக்குப் பதிலாக ஒரு சூட்கேஸ். வீட்டைவிட்டுக் கிளம்பி, கூரை கூரையாகத் தாவி, கடலுக்குப் போகிற ஆமை. அக்கா ஒரு நர்சரிப் பள்ளியில் வேலை பார்த்து வீட்டை ஓட்டினாள்.

கேம் முடிந்ததும் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு, ஹாலில் இருந்த பெரிய டிவியில் போட்டுக் காட்டினார். வந்தவர்கள் ஆமையைப் பார்த்துச் சிரித்தார்கள், முதல் குழியிலேயே விழுந்தார்கள், "பிரமாதம்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். கத்தரி மட்டும் கையில் வாங்கிய கண்ட்ரோலரைக் கீழே வைக்கவில்லை. பள்ளி விடுமுறைகளில் கேம் கடையே கதி என்று கிடந்தவள் அவள். மூளை மறந்திருந்தாலும் விரல் மறக்கவில்லை.

சாயங்கால வெயில் விழுந்த கூரைகளின் நிறம் அவளுக்குப் பிடித்தது. பாட்டு காதிலேயே ஒட்டிக்கொண்டது. சூட்கேஸைத் திறந்து குடையாக விரித்து ஆமை மெல்ல இறங்கியபோது வாய்விட்டுச் சிரித்தாள். ஆனால் ஒரு தொல்லை. பட்டனை அழுத்தினால் ஆமை உடனே தாவவில்லை. ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் தாவியது. அந்த ஒரு கணத்தில் குழி வந்துவிடும். விழுந்தால் மறுபடி முதலிலிருந்து. தண்ணீருக்கடியில் நடக்கிற லெவலோ ஒரே கும்மிருட்டு. எது பாறை, எது மீன் என்று தெரியவில்லை.

"எப்படிம்மா இருக்கு?" என்றார் அத்தான்.

"நல்லா இருக்கு அத்தான்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து அக்கா முடி வெட்டிக்கொள்ள பார்லருக்கு வந்தாள். கண்ணாடிக்கு முன்னால் துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தவள், "வெள்ளிக்கிழமை கேமை வெளியில விடப் போறாரு. ராத்திரி பூரா புரண்டு புரண்டு படுக்குறாரு. எங்கிட்டயாவது உண்மையைச் சொல்லுடி. இது தேறுமா?" என்று கேட்டாள்.

கண்ணாடியில் அக்காவின் கண்ணைப் பார்த்துக்கொண்டே பொய் சொல்லக் கத்தரிக்கு வாய் வரவில்லை. "இப்படியே விட்டா பத்து நிமிஷத்துல வெறுத்துப் போயிடுவாங்கக்கா" என்றாள்.

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. "அவருகிட்ட சொல்லிடாதடி. உடைஞ்சு போயிடுவாரு."

தலையாட்டி அனுப்பினாள். அன்று முழுக்க அவளுக்கு வேலையே ஓடவில்லை. சொன்னால் இன்னொரு வீட்டு வாசல் அடைபடும், அதுவும் கூடப் பிறந்தவள் வீட்டு வாசல். சொல்லாவிட்டாலோ, முகம் தெரியாத ஆயிரம் பேர் அவரைக் கிழித்துத் தொங்கவிடுவார்கள். மறுநாள் காலை பார்லர் ஷட்டரைத் திறக்காமலே அக்கா வீட்டுக்குப் போனாள்.

"அத்தான், அன்னிக்குப் பாதிதான் சொன்னேன். படம், பாட்டு, அந்தக் குடை, எல்லாம் அருமை. ஆனா ஆமை லேட்டாத் தாவுது. செத்தா முதல்லேருந்து வரணும்னா எவனுக்குப் பொறுமை இருக்கும்? தண்ணிக்குள்ள கண்ணே தெரியல." ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள்.

அத்தான் எழுந்து மாடிக்குப் போய்விட்டார். அக்கா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள். "போதுமா? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, கேட்டியா?" கத்தரி மாடிப்படியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் அவர் இறங்கி வந்தார். கண் கலங்கியிருந்தது. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் ஆமை லேட்டாத் தாவுற மாதிரிதான் தெரிஞ்சுது. யாரைக் கேட்டாலும் பிரமாதம், பிரமாதம்னாங்க. சரி, என் கைதான் மெதுவாயிடுச்சு, வயசாயிடுச்சு, இந்த வயசுல நமக்கு எதுக்கு இதுன்னு நெனச்சேன். ராத்திரியெல்லாம் அதே யோசனை." நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "அப்ப கோளாறு எனக்கில்ல. ஆமைக்குத்தான்."

அக்கா கரண்டியை மேஜைமேல் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இதை எங்கிட்ட சொன்னா என்னங்க? நான் என்னமோ ஏதோன்னு பயந்து செத்தேன்." கத்தரிக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமைத் தேதியைத் தள்ளிப்போட்டார்கள். மற்ற இரண்டும் சீக்கிரம் சரியாயின. விழுந்தால் விழுந்த கூரையிலிருந்தே தொடரலாம். தண்ணீருக்குள் பாசி பச்சையாக மினுங்கி வழி காட்டியது. தாவல் மட்டும் மசியவில்லை. எழுதியதை அழித்து அழித்து எழுதி, எப்போதும்போல ஹால் டிவியில் போட்டுப் பார்த்தும் ஆமை யோசித்துவிட்டுத்தான் தாவியது. கடைசியில், வாடிக்கையாளர் இல்லாத ஒரு மதியத்தில், கத்தரி அவரைக் கம்ப்யூட்டர் பெட்டியோடு பார்லருக்கு வரச் சொன்னாள். காத்திருப்பவர்களுக்காகச் சுவரில் மாட்டியிருந்த சின்ன டிவியில் மாட்டினார்கள். பட்டனை அழுத்தினாள். அழுத்திய கணத்திலேயே ஆமை அந்தரத்தில் இருந்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குற்றவாளி, அத்தான் வீட்டுப் பெரிய டிவிதான். படத்தை மெருகேற்றிக் காட்டுகிறேன் என்று அது ஒவ்வொரு அசைவையும் ஒரு கணம் பிடித்துவைத்துத் தாமதமாக விட்டுக்கொண்டிருந்தது. டிவியின் செட்டிங்ஸிலேயே அதை நிறுத்த ஒரு வழியும் இருந்தது. இவ்வளவு நாளும் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை, அவ்வளவுதான்.

"ஆமையைப் போட்டு அந்த அடி அடிச்சேனே!" என்று அத்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு நிதானமாக, "விளையாடறவங்க வீட்லயும் இந்த மாதிரி டிவி இருக்குமே" என்றார். அதற்காக ஒன்று செய்தார். ஆமையின் கால் கூரை விளிம்பைத் தாண்டிய பிறகும், கண் இமைக்கிற நேரத்துக்குள் பட்டனை அழுத்தினால் கேம் அதைத் தாவ விட்டுவிடும். பார்ப்பவர்களுக்கு அது தெரியாது. ஆனால் முன்பு விழுந்தவர்கள் இப்போது விழவில்லை.

கேம் வெளிவந்தது. ஓஹோ என்று ஓடவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் மட்டும் நெட்டில் நீளமாக எழுதியிருந்தார்: தாவுவது வெண்ணெய் மாதிரி இருக்கிறது, பாட்டு விடமாட்டேன் என்கிறது, கடைசியில் எதிரியாக வரும் நண்டு ரொம்ப சாது, ஒரு தட்டுத் தட்டினால் செத்துப்போகிறது. அத்தான் அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, "நண்டு விஷயம் உண்மைதான்" என்றார். இன்சூரன்ஸ் ஆபீஸ் கூப்பிட்டதால் வாரத்தில் பாதி நாள் அங்கே போகிறார். மீதி நாள் பின்னறையில் நண்டுக்குக் கோபம் வரவைத்துக்கொண்டிருக்கிறார். மெஷின் தடதடத்துக்கொண்டிருக்கும்போதே சில மதியங்களில் நாற்காலியிலேயே தூங்கிவிடுகிறார் என்றும், குறட்டைதான் தாங்க முடியவில்லை என்றும் அக்கா சொல்கிறாள்.