ஐந்தாம் படுக்கையின் பெயர்

எண்பதுகளின் கடைசியில் புதுச்சேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். வாசல் கவுண்டரில் ஒரு திரை, வார்டில் ஒரு திரை, இரண்டுக்கும் ஒரே நினைவகம். ஒரு நோயாளியின் விவரத்தை எங்கே திறந்தாலும், எத்தனை திரை பார்க்கிறது என்ற கணக்கில் ஒன்று கூடும். மூடினால் ஒன்று குறையும். பூஜ்யமானால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம், நினைவகத்தில் அந்த இடம் அடுத்து வருகிறவருக்கு. ஊரிலேயே நான் ஒருத்திதான் புத்திசாலி என்று நினைப்பு.

ஒரு நாள் வார்டு நர்ஸ் முகம் வெளுத்து வந்தார். "மேடம், உச்சி வேளையில பொட்டியில பேரு தானா மாறுது. பொம்பள பேரு இருந்த எடத்துல யாரோ ஆம்பள பேரு வந்துடுச்சு."

"பேய்க்கு வேற வேலை இல்லையா? மொதல்ல உங்க கண்ணைக் காட்டுங்க!" என்று எரிந்து விழுந்தேன். இருபது தடவை ஓட்டிப் பார்த்தேன், மாறவில்லை. மறுநாள் திரையின் மேல் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. சிரித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம், ஊரே கடையடைத்துத் தூங்கும் மதியம். ஐந்தாம் படுக்கையில் பிள்ளை பெற்றவளுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. ரத்தம் ஏற்ற வேண்டும். நர்ஸும் நானும் வார்டுத் திரையில் ரத்த வகையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். யாரும் எதையும் தொடவில்லை. அவள் பெயர் போய் ஓர் ஆண் பெயர் வந்தது. ஓ என்றிருந்த ரத்த வகை பி ஆனது. கீழே, இறந்தார் என்று வந்தது.

படுக்கையிலிருந்து அவள் எங்களையே பார்த்தாள்.

"பாத்தீங்களா?" என்றார் நர்ஸ். "நான் இந்தப் பொட்டிய நம்புறதில்ல. ரத்தத்த மறுபடி டெஸ்டுக்குக் குடுத்து சீட்டு வாங்கிட்டேன். ஓ தான்."

பேயில்லை, என் எழுத்துதான். மதிய ஷிப்ட் மாறும்போது இரண்டு திரைகளும் அவள் விவரத்தை ஒரே கணத்தில் திறந்திருக்கின்றன. இரண்டும் கணக்கில் பூஜ்யத்தைப் படித்து, இரண்டும் ஒன்று என்று எழுதிவிட்டன. பார்ப்பவர் இருவர், கணக்கில் ஒருவர். கவுண்டரில் மூடியதும் பூஜ்யமாகி, வார்டுத் திரை இன்னும் காட்டிக்கொண்டிருந்த அவள் இடம் அப்போதுதான் வாசலுக்குப் பிணமாக வந்த பழைய நோயாளி ஒருவருக்குப் போய்விட்டது. ஒரு திரை எண்ணி முடிக்கும்வரை மற்றது காத்திருக்கும்படி மாற்றினேன். நாலே வரி.

நர்ஸிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

வீட்டுக்குப் போகும் நாளில் அவள் குழந்தையோடு வந்து நின்றாள். "அன்னிக்கி அந்தப் பொட்டி என்னைப் பத்தி என்னாம்மா சொன்னிச்சி? ரெண்டு பேரும் அப்பிடிப் பாத்தீங்களே."

"ஒண்ணுமில்லம்மா. பேரு சரியா இருக்கான்னு பாத்தோம்."

திரையின் மேலிருந்த எலுமிச்சம்பழம் காய்ந்திருந்தது. சாயங்காலம் பெரிய மார்க்கெட்டில் புதிதாக ஒன்று வாங்கிவந்து நானே வைத்தேன்.