முகாமுக்குப் போன சாமை

எங்கள் மலையிலிருந்து சாமை கீழே இறங்கினால் சந்தைக்குத்தான் போகும். நான் மூன்றாவது படித்த வருடம் ஒரே ஒரு தடவை அது அகதி முகாமுக்குப் போனது. கூடவே நானும் போனேன்.

இலங்கையில் சண்டை முற்றிப் படகேறித் தப்பி வந்த குடும்பங்களை அடிவாரத்தில் ஒரு பழைய கிடங்கில் தங்கவைத்திருந்தார்கள். மழையில் டவுன் பக்கத்துப் பாலம் உடைந்து, அரிசி லாரி வரவில்லை. மலைப்பாதை மட்டும்தான் திறந்திருந்தது. ஷேர் ஜீப் ஓட்டும் சித்தப்பாதான் சேதி கொண்டுவந்தார்.

"சின்னப் பசங்க ரெண்டு நாளா வெறும் டீத்தண்ணி குடிச்சிகினு கீதுங்க, அண்ணி."

"அத்த இங்க வந்து சொல்லிகினு நிக்கிறியே! வண்டிய வூட்டாண்ட கொண்டா" என்றார் அம்மா.

மதியத்துக்குள் ஊரே சாமை குத்தியது. வீட்டுக்கு வீடு மூட்டை வந்தது. புளி வந்தது. மாமா ஒருத்தர் உயிரோடு ஒரு கோழியைக் கொடுத்தார். இடமில்லாததால் அது என் மடியில் உட்கார்ந்து, வழியெல்லாம் என் பாவாடையைப் பாழாக்கியது. முகாமில் இறங்கியதும் பறந்து ஓடியது. அங்கிருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் கூச்சலோடு துரத்தினார்கள். பட்டினி கிடந்தவர்கள் என்று சொல்லவே முடியாது.

முகாம் பெண்கள் சாமையை அரிசி மாதிரியே வேகவைத்துவிட்டார்கள். அது குழைந்து பசையானது. வெளியாட்களிடம் வாய் திறக்காத அம்மா, முந்தானையைச் செருகிக்கொண்டு கரண்டியைப் பிடுங்கினார். அடுத்த பானை பொலபொலவென்று வந்தது. அதில் ஒரு பெண் எங்கிருந்தோ கொண்டுவந்த தேங்காயைப் பிழிந்து பால் ஊற்றினார். அம்மா ருசி பார்த்தார்.

"இன்னாக்கா இது, பாயசமா?"

"பாற்சோறு எண்டு சொல்லுவம்."

அம்மா அக்கா என்று கூப்பிட்டதால் எனக்கு அவர் பெரியம்மா. எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டதும் அவர் என்னை அழைத்தார்.

"பிள்ளை, வாங்கோ, கொஞ்ச நேரம் கதைப்பம்."

கதை என்றால் விடுவேனா? ஓடிப்போய் உட்கார்ந்தேன். முற்றத்தில் மாமரம் நின்ற ஒரு வீடு. வெள்ளையன் என்று ஒரு நாய். ஒரு நாள் குண்டு விழுந்தது. எல்லோரும் கடற்கரைக்கு ஓடினார்கள். படகில் நாய்க்கு இடமில்லை.

"அப்புறம் இன்னா ஆச்சி?"

"கரையிலையே பாத்துக்கொண்டு நிண்டது."

"அப்புறம்?"

"அதுக்குப் பிறகு தெரியேல்லை, பிள்ளை" என்று என் தலையைத் தடவினார்.

திரும்பும்போது, பெரியம்மா கதையைப் பாதியில் விட்டுவிட்டார் என்று சித்தப்பாவிடம் புகார் சொன்னேன். எதற்கும் கேலி பேசும் மனுஷன் ஹாரனை மட்டும் அடித்தார்.

பள்ளிக்கூடத்தில் நானே அதை முடித்தேன். வெள்ளையன் கடலை நீந்திக் கடந்து, மோப்பம் பிடித்தே முகாமுக்கு வந்து சேர்ந்துவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். அவர்கள் ஊரில் கதைப்பது என்றால் பேசுவதுதான் என்பதும், பெரியம்மா அன்று கதையே சொல்லவில்லை என்பதும் எனக்கு அப்போது தெரியாது.