திரும்பி வரும் காய்

ஏறாவூரில், வாவிக்கரைக் கடைக்கு முன்னால் ஒரு வாங்கு கிடக்கிறது. அசர் தொழுதுவிட்டு வரும் ஆண்கள் அதில் குந்தியிருந்துதான் டாம் விளையாடுவார்கள், கட்டம் போட்ட பலகையில் எதிராளியின் காயைத் தாவி வெட்டும் ஆட்டம். காய்கள் சோடா மூடிகள். ஒருவருக்கு நிமிர்ந்தவை, மற்றவருக்குக் கவிழ்ந்தவை. அங்கே இரண்டே சட்டம். தொட்ட மூடியை நகர்த்தியே ஆகவேண்டும். விரல் மூடியின்மேல் இருக்கும்வரை அங்குமிங்கும் இழுத்துப் பார்க்கலாம், விரலை எடுத்தால் முறை முடிந்தது. என் கணவர் ஒரு காலத்தில் அந்த வாங்குக்கு ராசா.

கட்டாரில் இரும்பு வெட்டும் மெஷின் அவருடைய வலக்கையில் சுட்டுவிரலையும் நடுவிரலையும் எடுத்துக்கொண்டது. ஊருக்கு வந்த கையோடு வாங்குக்குத்தான் போனார். ஒரு மூடியை எடுக்கப் போனால் கை பக்கத்து மூடியிலும் பட்டது. தொட்டாயிற்று, நகர்த்து என்றார்கள். தோற்றுக்கொண்டே இருந்தார். எட்டு விரலாருக்கு இடம் விடுங்கள் என்று முதலில் பகிடி பண்ணியவர் வேறு யாருமில்லை, அவருடைய சொந்தக் காக்கா. கூடப் பிறந்த மூத்தவரே நக்கலடித்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? இவர் போவதை நிறுத்திவிட்டு, பின்வாசலில் வாவியைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அந்த வாங்கில் மறுபடி இருக்கவேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

நான் வீட்டிலிருந்தபடியே கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு மொபைல் விளையாட்டுகள் எழுதுகிறவள். அப்போது கைக்கு வந்ததும் டாம்தான். காயை விரலால் இழுத்துக்கொண்டுபோய்க் கட்டத்தில் விடுவது பார்க்க லேசு, எழுதினால் தலையிடி. விரல் காயை மறைக்கும் என்பதால், தொட்டதும் காய் விரலுக்குச் சற்று மேலே எழும்பவேண்டும். தடித்த பெருவிரல் பட்டாலும் பக்கத்துக் காய் கிளம்பக் கூடாது. இதையெல்லாம் அவருடைய பெருவிரலை வைத்தே சோதித்தேன். கட்டத்தின் நடுவில் விட்டால்தான் காய் நிற்கும். நழுவி ஓரத்தில் விழுந்தால் பழைய இடத்துக்கே திரும்பிவிடும், முறையும் போகாது. அந்த வரிகளை எழுதும்போது காக்காவின் முகத்தைத்தான் நினைத்துக்கொண்டேன்.

விளையாட்டு வெளிவந்ததும் வாங்கிலிருந்தவர்களும் தங்கள் போன்களில் அதை இறக்கிக்கொண்டார்கள். போனில் அவர் அத்தனை பேரையும் தோற்கடித்தார். காக்காவைத் தேடித் தேடித் தோற்கடித்தார். காய் நழுவினால் பெருவிரலைச் சட்டென்று தூக்குவார். காய் தன் பழைய கட்டத்துக்கு வரும், மறுபடி இழுப்பார். பின்வாசலிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். எனக்கு அப்படியொரு சந்தோசம். காக்காவுக்குப் பொறுக்குமா? விளையாடுவது பொண்டாட்டி, பேர் மட்டும்தான் தம்பிக்கு என்று சொல்லித் திரிந்தார். ஆம்பிளை என்றால் வாங்குக்கு வரட்டுமாம்.

போனார். சட்டை மாற்றி, அத்தர் பூசிக்கொண்டு போனார். நான் பனடோல் வாங்கும் சாட்டில் எதிரிலிருந்த பாமசியில் நின்றேன். நன்றாகத்தான் ஆடினார். காக்காவின் மூடிகள் குறையக் குறைய அவருடைய நக்கலும் குறைந்தது. அப்போதுதான் வலப்பக்கம் போகவேண்டிய மூடி ஒன்று இவருடைய பெருவிரலுக்குக் கீழே நழுவி, இடப்பக்கக் கட்டத்தின் ஓரத்தில் போய் நின்றது. விரலை அதன்மேலேயே வைத்திருந்தால் போதும், வலப்பக்கம் இழுத்திருக்கலாம். அவர் விரலைத் தூக்கினார். தூக்கிவிட்டுப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். எதற்குக் காத்திருந்தார் என்று அந்தத் தெருவில் எனக்கு மட்டும்தான் விளங்கியது.

"தம்பி, கைய எடுத்திட்டாய்," என்றார் காக்கா. தாவித் தாவி மூன்று மூடிகளை வெட்டினார். வாங்கே சிரித்தது. ஒருவர் ஆறுதலாக இவருடைய முதுகில் தட்டினார், தட்டும்போதும் சிரித்தார். அந்தச் சிரிப்பை அல்லாஹ் வேண்டுமானால் மன்னிக்கட்டும், நான் மன்னிக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்தவர் ஏசவில்லை. கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"உன்ட போன்லதான் புள்ள, விழுந்த காய் திரும்பி வரும்."

அதற்குப் பதிலாக என்னை அறைந்திருக்கலாம்.

மறுநாள் பின்னேரம் என் லப்டொப்பை மூடிவிட்டு, எனக்கு முன்னால் பலகையை வைத்து மூடிகளை அடுக்கினார். வாங்குச் சட்டம்தான், பாவம் பார்க்கக் கூடாது என்றார். கொஞ்ச நேரத்தில் அவருடைய மூடி நழுவியது. விரலும் பழக்கதோசத்தில் மேலே போய்விட்டது. எனக்கு வெட்ட வழி திறந்து கிடந்தது. காணாதவள்போல வேறு மூடியை நகர்த்த நினைத்தேன். ஆனால் அவர் பலகையைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெட்டினேன்.

"ஓம். நாளைக்கும் இப்பிடியே வெட்டு," என்றார்.

ஒவ்வொரு பின்னேரமும் வெட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். அவர் இன்னும் விரலைத் தூக்கிவிட்டுக் காத்திருக்கிறார்.