வீட்டில் எடுத்த பெரட்டு

இன்று காலை மருமகள் என் பழைய கம்பளியைப் பரணிலிருந்து இறக்கி, நாய் படுக்கட்டும் என்று வாசலில் விரித்துப் போட்டாள். நாய் மூன்று முறை சுற்றி வந்தது, முகர்ந்து பார்த்தது, பிறகு என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு வெறுந்தரையில் போய்ப் படுத்துக்கொண்டது. நான் எடுத்து முகர்ந்தேன். நாயின் மேல் தப்பில்லை. ஏலக்காய் உலர்த்தும் கூடத்துப் புகை அதில் இருந்தது. அட்டை ஏறாமல் இருக்கக் காலில் தேய்த்துக்கொள்ளும் புகையிலைத் தண்ணீர் இருந்தது. இருபத்தேழு வருடத்து மழை இருந்தது. நானும் கொஞ்சம் இருந்தேன்.

அந்தக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டுதான் குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். விடிகிற நேரத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதுதான் அதில் முக்கியமான வேலை. அதற்குப் பெயர் பெரட்டு. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரை ‘பரேடு’ என்று சொல்லியிருக்கிறார். நம் ஆட்கள் அதை வாங்கி, மென்று, பெரட்டு என்று துப்பிவிட்டார்கள். யாராவது “பெரட்டு!” என்று கத்தினால் போதும், வாயில் வைத்த வெற்றிலையைக்கூட மெல்லாமல் ஓடி வந்து நிற்பார்கள்.

அந்த நேரத்தில் மலையில் எதுவும் தெரியாது. நான் மூடுபனியைப் பார்த்துப் பேர் சொல்வேன். மூடுபனி “வந்தேன் சாமி” என்று பதில் சொல்லும். மலைக்கு மேற்கே மலையாள நாட்டிலிருந்து வந்த குட்டப்பன் மட்டும் “இவிடெ உண்டு” என்பான். மூன்று முனியாண்டிகள் இருந்தார்கள்: நெட்டை முனியாண்டி, இருமல் முனியாண்டி, தேவாரத்து முனியாண்டி. இருமல் முனியாண்டியைக் கூப்பிடவே வேண்டாம். இதனால் ஒரு கோளாறும் வந்தது. எனக்கு எல்லாரையும் குரலால் தெரியும், முகத்தால் தெரியாது. பட்டப்பகலில் எதிரே வந்து சிரிப்பவனை யாரென்று விழிப்பேன், அவன் வாயைத் திறந்த பிறகுதான் “நீயாப்பா!” என்பேன்.

குடும்பத்தை மலைக்கு யாரும் கூட்டிப் போவதில்லை, காய்ச்சலுக்குப் பயந்து. என் மனைவியும் மகனும் போடியில் இருந்தார்கள். பொங்கல், சித்திரை, தீபாவளி என்று வருடத்துக்கு மூன்று தடவை இறங்கி வருவேன், தடவைக்குப் பத்து நாள். அந்தப் பத்து நாளும் கோழிக் குழம்பு. புதுப்பாய். “இன்னும் கொஞ்சம் சோறு போடவா?” என்று மெல்லிய குரலில் ஒரு கேள்வி. எனக்கு வாய்த்தவள் எவ்வளவு சாந்தமானவள் என்று மலையில் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அவளும் தெருவில், தன் வீட்டுக்காரர் அதிகம் பேசாத மனுஷர் என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். இருபத்தேழு வருடமும் இரண்டு பேருமே தப்பான தகவல் கொடுத்து வந்திருக்கிறோம்.

முழங்கால் தேய்ந்து, காய்ச்சல் மூன்றாம் முறை வந்தபோது முதலாளி கூப்பிட்டார். “போதும்யா. கீழ போயி நிம்மதியா இரும்” என்று ஒரு வேட்டியும் ஒரு சிறிய பை ஏலக்காயும் கொடுத்தார். என் தகரப்பெட்டியைப் பொதிமாட்டின் மேல் ஏற்றி, நான் பின்னால் நொண்டிக்கொண்டு இறங்கி வந்தேன்.

பத்து நாள் கோழிக் குழம்பு. பதினோராம் நாள் கம்மங்களி.

“எப்ப மலைக்கு?” என்றாள்.

“இனிமே மலை இல்ல புள்ள.”

அகப்பையைக் கீழே வைத்தாள். “இல்லன்னா?”

“இங்கதான்.”

“இங்கன்னா… பகல்லயுமா?”

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது என்று இப்போது தெரிகிறது. அவளுடைய வீட்டில், அவளாக நட்டு வளர்த்த முருங்கைக்குக் கீழே, அவளாக வளர்த்த மகனுக்கு எதிரே, ஓர் ஆள் வந்து காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறான். களி இறுகிவிட்டது என்கிறான். இந்த ஆடு ஏன் இங்கே நிற்கிறது என்கிறான். மகன் கல்யாணமானவன், அவன் என்னை ‘வாங்க’ என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடுவான், தூரத்துச் சொந்தக்காரரிடம் சொல்வது போல.

பொழுதைப் போக்க நானும் முயற்சி செய்யாமல் இல்லை. முதலில் ராவுத்தர் கடைக்குப் போனேன். மளிகைக் கடை வைத்திருந்த அவர் எனக்குப் பால்ய சிநேகிதர். நாலு நாள் பேச்சுத்துணையாக உட்கார்ந்தேன். ஐந்தாம் நாள் என் தோளைத் தொட்டுச் சொன்னார்: “அண்ணே, கோவிச்சுக்காதீங்க. கடைக்கு வர்றவன்கிட்ட நேத்து ஏன் வரலைன்னு கேட்டா, நாளைக்கும் வர மாட்டான்.”

சரி, பக்தி என்று கோயிலுக்குப் போனேன். அங்கே ஆயிரத்தெட்டு நாமம் சொல்லி அர்ச்சனை நடந்தது. பூசாரிக்குத் தொண்டை கட்டியிருந்ததால், என் குரலின் புகழைக் கேள்விப்பட்டு என்னைச் சொல்லச் சொன்னார்கள். நான் ஒவ்வொரு பேரையும் சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில், பதிலுக்கு நிறுத்தினேன். மத்தியானம் ஆகிவிட்டது; பாதிப் பேர்கூட முடியவில்லை. கடைசிவரை ஒருவரும் வரவில்லை என்பது வேறு விஷயம். மறுநாள் பூசாரிக்குத் தொண்டை அவசரமாகச் சரியாகிவிட்டது.

அப்புறம்தான் அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன். வீட்டிலேயே பெரட்டு எடுத்தேன். விடிந்ததும் முற்றத்தில் நின்று “பெரட்டு!” என்று ஒரு குரல். மகன் பேர், மருமகள் பேர், இரண்டு ஆடு, ஒரு கோழி. வீட்டுக்கு ஒரு ஒழுங்கு வேண்டாமா? ஏழு நாள் நடந்தது. கோழி மட்டும்தான் ஒழுங்காக வந்தது, அதுவும் நான் தானியம் வைத்திருப்பதாக எண்ணி.

எட்டாம் நாள் அவள் முற்றத்துக்கு வந்தாள். சண்டை போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. அவள் மெதுவாகப் பேசினாள்.

“வர்ற சந்தையன்னிக்கு எந் தம்பி ராசிங்காபுரத்துல இருந்து வண்டி கொண்டாறான். நான் போறேன்.”

“எப்ப வருவ?”

“தெரியல. கோவத்துல போகல. கொஞ்சம் மூச்சு விடணும், அவ்வளவுதான். நீங்களும் ஒரு சோலி பாத்துக்குங்க. அதுவரைக்கும் நான் அங்கிட்டு இருக்கேன்.”

அன்று முழுதும் நான் யாரையும் எதற்காகவும் கூப்பிடவில்லை. மலையில் எத்தனையோ பேர் சொல்லாமல் ஓடிப் போயிருக்கிறார்கள். அவர்கள் பேரை மறுநாள் வாசிக்காமல் விட்டுவிடுவேன். இது அப்படி விட்டுவிடுகிற பேராகத் தெரியவில்லை. ஆனால் எனக்கு என்ன சோலி தெரியும்? ஊரில் எந்த வேலைக்கும் ஏற்கெனவே ஓர் ஆள் இருந்தான்.

சந்தை நாளும் வந்தது. மாதத்தில் அந்த ஒரு சந்தைக்குத்தான் மலையாட்கள் மொத்தமாக இறங்குவார்கள்; தோட்டத்துக்குக் காவலாகக் கணக்கப்பிள்ளை மட்டும் மேலேயே இருப்பான். கருவாடும் புகையிலையும் ஆட்டுப் புழுக்கையும் கலந்த வாடையில், ஊரே ஒரு சாக்குக்குள் அடைத்த மாதிரி நெரிசல். அவளுடைய துணி மூட்டை என் தலையில். “பின்னாலயே வாங்க, வண்டி வெரசாக் கெளம்பிரும்” என்றாள். நான் புகையிலைக் கடையோரம் ஒரு நிமிடம் நின்றேன். வேண்டுமென்றா, நினைவில்லாமலா என்று கேட்காதீர்கள். எனக்கே இன்னும் தெரியாது. திரும்பிப் பார்த்தால் அவளைக் காணோம்.

அங்கே வண்டி கிளம்பத் தயார். மூட்டை என்னிடம். அவள் கூப்பிட வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி புருஷன் பேரைச் சொல்ல மாட்டாள், சொன்னால் ஆயுசு குறைந்துவிடுமாம். “ஏங்க!” என்று கூப்பிட்டிருக்கிறாள். சந்தையில் பாதி ஆண்கள் திரும்பினார்கள். “பாண்டி அப்பா!” என்று மகன் பேரை வைத்துக் கூப்பிட்டாள். ஏழெட்டு அப்பாக்கள் எட்டிப் பார்த்தார்கள். தம்பி வண்டியிலிருந்து, “அக்கா, விட்டுட்டு ஏறு! அத்தான் மூட்டையோட மலையேறிட்டாரு போல” என்று கிண்டல் செய்தான். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வண்டிச் சக்கரத்தின் மேல் ஏறி நின்று, அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்தாள்:

“பெரட்டு!”

காதுக்கு முன்னால் என் காலுக்குத்தான் அது கேட்டது. மூட்டையோடு விறைத்து, திரும்பி, நடந்தேன். நான் மட்டும் நடக்கவில்லை. கருவாட்டுக் கடையிலிருந்து, உப்பு மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து, சவரம் பாதி முடிந்த முகத்தோடு என்று, அந்த மலைச்சரிவில் எப்போதாவது வேலை செய்தவன் எல்லாம் வந்து அவளுக்கு முன்னால் வரிசையாக நின்றான். எனக்குப் பக்கத்தில் ஒருவன் இருமினான். திரும்பிப் பார்க்காமலே, “முனியாண்டி, சௌக்கியமா?” என்றேன்.

அவள் சக்கரத்தின் மேல் நின்று முப்பது நாற்பது ஆண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவன் பணிவாகச் சொன்னான்: “ஆத்தா, பேரு வாசிங்க.”

சிரிப்பு அடங்குவதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ராசிங்காபுரத்துக் கிழவி ஒருத்தி வந்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். “எம் மவன் சடையன் இதுல இல்லையே. ரெண்டு தீவாளிக்கு அவன் வரலையே, ஆத்தா…” என்று என் மனைவியின் காலைப் பிடித்தாள். மனைவி என்னைப் பார்த்தாள். நான் மூட்டையை இறக்கினேன். பனிக்குள் கூப்பிடுகிற அதே குரலில், “சடையா!” என்றேன்.

சாராயக்கடைப் பக்கமிருந்து, “வந்தேன் சாமி!” என்று வந்தது பதில். வந்தவனைத் தாய் முதலில் கூடையால் அடித்தாள். பிறகு கட்டிக்கொண்டாள். பிறகு மறுபடியும் அடித்தாள்.

உடனே இன்னொரு தாய். ஒரு தகப்பன். இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண். “எங்க ஆளையும் கூப்பிடுங்க அய்யா.” தொண்டை கரகரத்தபோது யாரோ மோர் கொடுத்தார்கள். எல்லாம் முடிந்து பார்த்தால் வெயில் சாய்ந்திருந்தது, வண்டியைக் காணோம்.

“தம்பி போயிட்டானா?” என்றேன்.

“நான்தான் போகச் சொன்னேன். அடுத்த சந்தைக்குப் போய்க்கலாம்” என்றாள். மூட்டையை என் தலையில் ஏற்றினாள். “பொழுதுக்கும் இப்படிக் கத்துறதுக்கு வீட்டுல ஒரு கோழிதான இருந்துச்சு. பாவம் நீங்க.”

அடுத்த சந்தைக்கும் மூட்டை வந்தது. அதன் மேல் அவள் உட்கார்ந்துகொண்டாள், அவ்வளவுதான். பல வருடம் அப்படித்தான் நடந்தது. எனக்குக் குரல், அவளுக்கு முகம். யார் யாருடைய தாய், எந்த ஊர், போன மாதம் வந்து ஏமாந்து போனவள் யார் என்றெல்லாம் அவள் மனத்தில் இருக்கும். என் காதில் ஒரு பேர் சொல்வாள், நான் கத்துவேன், வருகிறவனைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்ச் சரியான ஆளிடம் விடுவாள். மற்ற நாட்களில், மகன் வராத தாய்மார் வீடு தேடி வந்து அவளோடு பேசிக்கொண்டிருப்பார்கள். நான் பகலிலும் வீட்டில் இருப்பதை அவள் அதற்குப் பிறகு கவனித்ததாகத் தெரியவில்லை.

இப்போது தோட்டங்களில் பேர் வாசிப்பதில்லையாம். இரும்புத் துண்டைத் தொங்கவிட்டு அடிக்கிறார்களாம். ஆட்களும் சந்தைக்குக் காத்திராமல் நினைத்தபோது இறங்குகிறார்கள், கடுதாசி போடுகிறார்கள். அவள் போய் மூன்று வருடம் ஆகிறது. மலைக்கே போகாதவளை மலைக்காய்ச்சல் தேடி வந்து கொண்டுபோயிற்று.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரே ஒரு சந்தைக்குத் தனியாகப் போனேன். சுற்றிலும் ஏழெட்டுப் பெண்கள் காத்து நின்றார்கள். யார் யாரைத் தேடி வந்தவர்கள் என்று எனக்குத் தெரியவில்லை; அதையெல்லாம் கேட்டு வைத்திருப்பவள் அவள்தான். நினைவுக்கு வந்த ஒரு பேரைக் கூப்பிட்டேன். கூட்டத்தை இடித்துக்கொண்டு ஒருவன் ஓடி வந்து என் முன்னால் நின்றான். பெண்கள் ஒவ்வொருவராக அவன் முகத்தைப் பார்த்துவிட்டு விலகிக்கொண்டார்கள். 

“எதுக்குங்க சாமி கூப்பிட்டீக?” என்றான்.

“சும்மாதான். சாப்டியா?” என்றேன்.

“சாப்டேன் சாமி.”

“சரி, போ.”